உளி வேலை முடிந்த மரத்துக்கு எந்தப் பூச்சு?

மரச்சிற்பத்தின் மேல் கடைசியாகப் போடும் பூச்சு அழகுக்காக மட்டும் போடப்படுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் மரத்துக்குள் சட்டென்று புகாமலும், உள்ளிருக்கும் ஈரம் சட்டென்று வெளியேறாமலும் பார்த்துக்கொள்வதே அதன் முதல் வேலை. கை வியர்வை, விளக்குப் புகை, தூசு, குங்குமம் ஆகியவை மரத்தின் நுண்துளைகளில் இறங்காமல் தடுப்பது அடுத்த வேலை. மினுமினுப்பு இவற்றுக்குப் பிறகுதான். கடையில் சிலை வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது என்னவோ அந்த மினுமினுப்பு. பத்து ஆண்டு கழித்துச் சிலை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவை முன்சொன்ன இரண்டும்.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். மரச்சிற்பத்துக்குப் பெயர்போன இந்த ஊரின் வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளையார், முருகன், கிருஷ்ணர், தசாவதார வரிசை எனச் சிலைகளும், கோயில் வாகனங்களும், தேருக்கான சிற்பங்களும் இங்கே உருவாகின்றன. வாகை, மா, வேம்பு, மாவிலங்கம், ஒதியம், ஈட்டி ஆகியவை இந்தச் சிற்பங்களுக்குரிய மரங்களாகச் சொல்லப்படுகின்றன. ஒரு சிலையை ஒரே கட்டையில் செதுக்கி எடுப்பது வழக்கம். பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது மறக்கக்கூடாத செய்தி இதுதான். துண்டு துண்டாக இணைத்த நாற்காலிக்கும் ஒற்றைக் கட்டையில் நிற்கும் பெருமாளுக்கும் மரம் அசைவதில் பெரிய வேறுபாடு உண்டு.

வெட்டி உலர்த்திய பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் அதை உறிஞ்சி உப்புகிறது, குறைந்தால் விட்டுச் சுருங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் தன் எடையில் ஏழெட்டு சதவீத அளவுக்கு நீரை வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டால் அந்த அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் உள்ள விக்கிரமங்கலம், ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்களில் சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் ஒரே வீட்டில் ஒரே சிலை பார்த்துவிடுகிறது. 20 சென்டிமீட்டர் அகலக் கட்டை இந்த இரண்டு பருவங்களுக்கு இடையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்க முடியும். நீளவாட்டத்தில் மாற்றம் மிகச் சொற்பம். குறுக்கு வாட்டத்தில்தான் எல்லாம் நடக்கிறது. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் முழுக்கட்டையில் செதுக்கிய சிலையில் நட்டநடு மார்பிலோ முதுகிலோ நேர்கோடாக விரிசல் விழுகிறது.

இந்த அசைவை அடியோடு நிறுத்தும் பூச்சு எதுவும் கிடையாது. நல்ல பூச்சு செய்வதெல்லாம் வேகத்தைக் குறைப்பது. ஒரே இரவில் ஏறவேண்டிய ஈரத்தை ஒரு மாதத்துக்குப் பரப்பிவிட்டால், மேல்தோலும் உள்மரமும் சேர்ந்தே உப்பிச் சேர்ந்தே சுருங்கும். விரிசலுக்கு இடம் குறையும். எந்தப் பூச்சு எவ்வளவு வேகத்தைக் குறைக்கிறது என்பதை அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அரசு மரப்பொருள் ஆய்வகம் அளந்து பார்த்திருக்கிறது. வறண்ட அறையில் இருந்த மரத்துண்டுகளை ஈரம் மிகுந்த அறைக்கு மாற்றி, பூச்சில்லாத மரம் எவ்வளவு ஈரம் வாங்கியது, பூசிய மரம் எவ்வளவு வாங்கியது என்று ஒப்பிட்டார்கள். மூன்று கை அரக்குப் பூச்சு முதல் நாளில் பத்தில் ஒன்பது பங்கு ஈரத்தைத் தடுத்தது. இரண்டு வாரத்தில் அது பாதிக்கும் சற்றுக் குறைவாக இறங்கியது. ஆளிவிதை எண்ணெய் பூசிய மரமும் பூசாத மரமும் இரண்டு வாரத்தில் ஒன்றாகிவிட்டன. எண்ணெய் போட்டால் மரத்துக்குள் தண்ணீர் இறங்காது என்ற பரவலான நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. மேலே விழும் சொட்டு உருண்டு ஓடுவது வேறு, காற்றோடு கலந்த ஆவி உள்ளே புகுவது வேறு.

சிலையின் எல்லாப் பகுதிக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. மெல்லிய பகுதிகளே முதலில் அடிபடும். இராமர் கையிலுள்ள அம்பு, முருகனின் வேல், நடராசரின் திருவாசிச் சுடர், நீட்டிய விரல் ஆகியவை இந்த வகை. உண்மையான அம்பை எடுத்துக்கொண்டால் இது இன்னும் விளங்கும். சுண்டுவிரலைவிட மெல்லிய மர அம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பூச்சு தடித்திருந்தால், அந்தப் பக்கம் ஈரம் மெதுவாக ஏறும், மறுபக்கம் முந்திக்கொள்ளும், தண்டு வளையும். வளைந்த அம்பு குறி தவறும். அதனால் கையால் அம்பு செய்பவர்கள் நீளமான குழாயில் பூச்சை நிரப்பி அதில் தண்டை முக்கி எடுப்பதும், அரக்கை மெல்லிய கைகளாகச் சுற்றிலும் ஒரே சீராகப் பூசுவதும் உண்டு. இறகு ஒட்டும் இடத்தில் பசை பிடிக்காத மெழுகோ எண்ணெயோ படாமல் பார்த்துக்கொள்வார்கள். வெட்டுமுனை, அதாவது நார்கள் நேராக வெளியே திறந்திருக்கும் இடம், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் குடிக்கும் என்பதால் அம்பின் இரு நுனிகளுக்கும் கூடுதலாக ஒரு கை கொடுப்பது வழக்கம்.

இந்தக் கடைசிச் செய்தியைச் சிலை செய்பவர்களும் வாங்குபவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பளபளவென்று பூசப்பட்ட சிலையைத் தலைகீழாகத் திருப்பினால் அடிப்பக்கம் வெறும் மரமாக இருப்பதைக் கடைகளில் பார்க்க முடியும். நின்ற கோலச் சிலையின் அடி என்பது வெட்டுமுனை. முகம், கை, முதுகு எல்லாம் அடைத்துவிட்டு அடியைத் திறந்துவைப்பது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்துபோடுவது போலத்தான். உச்சந்தலையும் அதே வகைதான், ஆனால் அது பார்வைக்குத் தெரிவதால் யாரும் விட்டுவிடுவதில்லை.

பூச்சுக்கு முன்னால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தின் மேல் எந்த விலையுயர்ந்த பூச்சைப் போட்டாலும் அது வீண். உள்ளே சிறைப்பட்ட நீர் வெளியேற வழி தேடி பூச்சைத் தள்ளிக் கொப்புளம் போடும், அல்லது உள்ளேயே பூஞ்சையை வளர்க்கும். மரத்தின் நடுக்குருத்தைத் தவிர்த்துக் கட்டை எடுத்தால் விரிசலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பெரிய சிலைக்கு இது எப்போதும் இயலாது.

பூச்சிகள் வேறு. வைரம் பாய்ந்த உள்மரத்தில் உளு ஏறுவது அபூர்வம். வெளிறிய வெளிமரத்தில் மாச்சத்து தங்கியிருக்கும். அதைத் தேடி வரும் வண்டு முட்டையிட, புழு உள்ளேயே குடைந்து, சில மாதம் கழித்து மாவு மாதிரி தூள் கொட்டும். மாமரம், வாகையின் வெளிமரம் இரண்டும் இதற்கு எளிதில் இரையாகும். போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு சேர்த்து நீரில் கரைத்து, செதுக்கும் முன்போ பாதி செதுக்கிய நிலையிலோ ஊறவைப்பது செலவு குறைந்த தடுப்பு. இந்த உப்புகள் மனிதர்களுக்குப் பெரும் தீங்கில்லாதவை. குறை ஒன்றுதான்: தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே இதற்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு கட்டாயம். வரிசை மாறினால் பயனில்லை. முதலில் எண்ணெய் தடவிவிட்டுப் பிறகு இந்தக் கரைசலில் நனைத்தால் அது மரத்துக்குள் இறங்காது.

மரத்துக்கு மரம் பூச்சை ஏற்கும் குணமும் மாறும். ஈட்டி, வாகை இரண்டின் உள்மரமும் தானே நிறமுள்ளவை. தெளிந்த மெல்லிய பூச்சு போதும், நாரின் ஓட்டம் மேலெழுந்து வரும். வாகையை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூள் தும்மலையும் மூக்கெரிச்சலையும் தரும், துணியால் முகத்தைக் கட்டிக்கொள்வது நல்லது. வேம்பு கசப்பால் பூச்சிக்குப் பிடிக்காத மரம். பூச்சு எதுவானாலும் பொருந்திப் போகும். ஒதியம் மென்மரம். ‘ஒதி பெருத்தால் உத்திரமாகுமா’ என்று ஊரில் கேட்பார்கள். உத்திரத்துக்கு உதவாவிட்டாலும் உளிக்கு இணங்கும். ஆனால் முதல் கைப் பூச்சை அப்படியே குடித்துவிடும். இத்தகைய மரத்துக்கு நீர்த்த பூச்சை முதலில் கொடுத்து, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அதன் பிறகே மேல்கைகள் போட வேண்டும்.

பூச்சுகளில் மக்களுக்கு மிகவும் பழக்கமானது எண்ணெய். அதில் காயும் எண்ணெய், காயாத எண்ணெய் என்று இரு சாதி உண்டு. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய் ஆகியவை எத்தனை நாள் ஆனாலும் இறுகுவதில்லை. நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகிப் பிசுக்காக நின்றுவிடும். பூஜையறைச் சிலைக்கு வெள்ளிக்கிழமை தோறும் தேங்காய் எண்ணெய் தடவுவது பல வீடுகளில் உண்டு. அன்றைக்குச் சிலை பளிச்சென்று இருக்கும். அடுத்த மாதத்துக்குள் ஊதுபத்திச் சாம்பலும் விளக்குக் கரியும் அதில் படிந்து செதுக்குக் கோடுகளை மூடும். ஓரிரு ஆண்டில் சிலையின் கண், மூக்கு, ஆபரணம் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். பக்தியில் குறையில்லை, எண்ணெய்தான் தவறு. வேப்பெண்ணெய் பூச்சிக்கு ஓரளவு தடையாகும் என்பதால் வாசல் நிலையின் அடி, அலமாரியின் பின்புறம் ஆகியவற்றுக்குச் சரி. நகாசு வேலைக்கு அல்ல.

ஆளிவிதை எண்ணெய் காயும் வகை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாகும். பச்சை எண்ணெய் காய நாட்கணக்காகும், சில சமயம் வாரக்கணக்காகும். பெயின்ட் கடைகளில் ‘டபுள் பாயில்ட்’ என்று கிடைப்பதில் உலர்த்தி உப்புகள் கலந்திருப்பதால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். மரத்தின் நிறத்தை ஆழமாக்குவதில் இதற்கு இணை குறைவு. ஈரத்தைத் தடுப்பதில் மிகவும் பின்தங்கியது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே அடிக்கையாக எண்ணெய், அது முழுதாக இறுகிய பின் மேலே அரக்கு என்ற சேர்க்கை பொருத்தமானது. இதில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். தீக்குச்சி தேவையில்லை. துணியை விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டத்திலேயே கிடைக்கும் ஒரு பொருளும் இருக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கம் முந்திரிக்காடு பரந்து கிடக்கிறது. பருப்பை எடுத்த பிறகு எஞ்சும் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து கரிய எண்ணெய் கிடைக்கும். மேற்குக் கடற்கரையில் படகின் அடிப்பலகைக்கு இதைப் பூசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பூச்சியும் பூஞ்சையும் அண்டாது, காயும், காய்ந்தபின் உறுதியாக நிற்கும். தொழிற்சாலைகளில் இதைச் சுத்திகரித்து வார்னிஷுக்கும் பிசினுக்கும் பயன்படுத்துகிறார்கள். சிலையின் முகத்துக்கு இது ஆகாது, மரத்தைக் கருப்பாக்கிவிடும். தவிர, பச்சையாக இருக்கும்போது தோலில் பட்டால் கொப்புளிக்கும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களே இதற்குச் சாட்சி. மண்ணில் ஊன்றும் கம்பம், பீடத்தின் அடிப்பலகை, கரையான் வரும் இடம் போன்றவற்றுக்குக் கையுறை போட்டுக்கொண்டு பூசினால் மலிவான நல்ல காப்பு.

அரக்குக்கு வருவோம். புரசு, பூவம், இலந்தை மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட் இதில் முன்னணி மாநிலம். ராஞ்சிக்கு அருகில் நாம்குமில் 1924-இல் தொடங்கிய ஆய்வு நிலையம் நூறாண்டைக் கடந்து இன்றும் அரக்கைப் பற்றி ஆராய்கிறது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாகப் போடப்படுவதும், பழைய 78 சுற்று இசைத்தட்டுகளில் பிணைப்பாக இருந்ததும் இதே அரக்குதான். கடைசல் பட்டறைகளில் இதற்கு வேறு ஒரு முறை உண்டு. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் சுழலும் மரப் பொம்மையின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பரவும். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். உளியால் செதுக்கிய சிலையைச் சுழற்ற முடியாது என்பதால் அரும்பாவூர் வகைச் சிற்பத்துக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் வழி.

தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷ் என்று சொல்வது இதைத்தான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 250 கிராம் வரை அரக்குச் சில்லைப் போட்டு, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஓரிரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இரும்புப் பாத்திரம் அரக்கைக் கறுக்கச் செய்யும். மேசைப் பலகையானால் பஞ்சைத் துணியில் பொதிந்து வட்டமாகத் தேய்ப்பார்கள். சிற்பத்தில் குழிகளும் மடிப்புகளும் இருப்பதால் மென்மையான தூரிகையே ஏற்றது. ஒவ்வொரு கையும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அடுத்த கைக்குத் தயாராகிவிடும், ஒரே நாளில் நான்கைந்து கை முடியும். கரைத்த அரக்கை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்து பூசினால் பிசுபிசுப்பாகவே நிற்கும், காயாது. தேவைக்கு மட்டும் கரைத்துக்கொள்வதே நல்லது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவியும் உடம்புக்கு ஆகாது. அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

அரக்கின் குறைகளும் வெளிப்படை. வெந்நீர்ப் பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட் கலந்த கைகழுவு திரவம் பட்டால் கரையும். விளக்கின் சூடு அருகிலிருந்தால் இளகும். வெயில் மழையில் நிற்காது. இருந்தும் வீட்டுக்குள் வைக்கும் செதுக்குச் சிலைக்கு அரக்கே முதல் தேர்வாக இருக்கத் தகுதியானது. ஈர ஆவியைத் தடுப்பதில் எண்ணெய், மெழுகு இரண்டையும் விட்டுத் தள்ளிவிடுகிறது. அத்துடன் பழுது பார்ப்பது எளிது. புதிய அரக்கிலுள்ள ஸ்பிரிட் பழைய அரக்கைச் சற்றே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இருபது ஆண்டுக்குப் பிறகு வரும் ஆசாரி சுரண்டாமல் வேலையைத் தொடங்கலாம். பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் மினுமினுப்பையும் கேட்பவர்கள், பிற்பாடு அதை எடுக்க முடியுமா என்று கேட்பதில்லை. சிற்பத்தைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தேன்மெழுகு தனியாக நின்று காப்பதில்லை. 62 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும் இதை டர்பன்டைனில் கரைத்துக் களிம்பாக்கி, அரக்கின் மேல் துணியால் தேய்த்தால் கண்ணாடி மினுக்கு தணிந்து மென்மையான ஒளி வரும். கை படும் இடங்களில் தேய்மானத்தை மெழுகு தாங்கிக்கொள்ளும். வெறும் மரத்தில் மெழுகு மட்டும் தேய்த்தால் தூசு ஒட்டும், ஈரம் வழக்கம்போல் உள்ளே போகும்.

இனி கடையில் டப்பாவாகக் கிடைப்பவை. செயற்கை வார்னிஷ், என்.சி. லேக்கர், மெலமைன், பாலியூரிதேன் ஆகியவை இன்று மரச்சாமான் பட்டறைகளில் சாதாரணம். ஆறு பேர் சாப்பிடும் மேசைக்கு இரட்டைக் கலவைப் பாலியூரிதேன் மிகப் பொருத்தம். சாம்பார் கொட்டினாலும் சூடு பட்டாலும் தாங்கும். சிற்பத்துக்கு அதே வலிமை பகையாகிவிடுகிறது. தடித்த பூச்சு உளியின் கூர்மையான விளிம்புகளை உருட்டிவிடும். நகத்தின் கோடு, மாலையின் மணி, துணி மடிப்பின் ஓரம் எல்லாம் தேன் வழிந்த தோற்றம் கொள்ளும். அடியில் மரம் அசைய, மேலே இறுகிய படலம் அசையாமல் இருக்க, பல ஆண்டு கழித்துப் பூச்சு செதிலாக உரிய நேரும். உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, முழுதும் சுரண்ட வேண்டும். சுரண்டும் கத்தி பூச்சோடு நிற்பதில்லை, சிற்பியின் வேலையையும் சேர்த்தே எடுக்கும். இதைப் பூசுபவருக்கும் ஆபத்து உண்டு. இரட்டைக் கலவைப் பாலியூரிதேனின் கடினமாக்கி மூச்சுக்குழலைப் பாதிக்கும். மெலமைன் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவரும். தெளிக்கும் இடத்தில் வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாது. கண்டிப்பாக இவ்வகைதான் வேண்டும் என்றால், நீர் சார்ந்த மங்கல் வகையை நீர்க்கச் செய்து, இரண்டு கையோடு நிறுத்துவது குறைந்த சேதம்.

வெயில் நேரே படும் இடத்துக்கு எந்தத் தெளிந்த பூச்சும் நெடுநாள் உழைக்காது. சூரிய ஒளியின் புற ஊதாக்கதிர் பூச்சை ஊடுருவிப் போய் மரநாரைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பூச்சு நன்றாக இருந்தாலும் அது பிடித்திருந்த மரம் தளர்ந்துவிடும், பிறகு தாளாக உரியும். நிறமிகள் உள்ள வண்ணப்பூச்சு ஒளியை உள்ளே விடாது. கோயில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டுவதும் தகடு போர்த்துவதும் அலங்காரத்துக்கு மட்டுமல்ல, இந்தக் காப்புக்கும் சேர்த்துத்தான் பயன்படுகின்றன. பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது ஈயத்தை நினைவில் வைக்க வேண்டும். வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்குவது, முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், கூடவே கூடாது.

தேரின் கதை தனி. கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலிலும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலிலும் தேரோட்டம் காண வருபவர்கள் தேரை வெயிலில் பார்ப்பது விழா நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் அது கொட்டகைக்குள் நிற்கும். தேர்மரமாகப் பெயர்பெற்ற இலுப்பை தன்னளவிலேயே எண்ணெய்ப்பசையும் உறுதியும் கொண்டது. அத்தனை பெரிய பரப்பில், அத்தனை புடைப்புச் சிற்பங்களில், படலமாக நிற்கும் பூச்சைப் போட்டால் உரிந்தபின் யாராலும் சரிசெய்ய இயலாது. அதனால் தேருக்கு உள்ளிறங்கும் எண்ணெய்க் காப்பே முறை. தகரக் கொட்டகையின் கூரை ஒழுகாமலும் பக்கங்களில் காற்று புகும்படியும் இருப்பது எந்தப் பூச்சையும்விடத் தேருக்கு அதிகம் உழைக்கும்.

எந்தப் பூச்சானாலும் அதைப் போடும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. அடைமழைக் காலத்தில் ஸ்பிரிட்டோ தின்னரோ ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். அரக்கும் லேக்கரும் அப்போது பால் தெளித்தது மாதிரி வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தவிர்த்து, தை முதல் பங்குனி வரையிலான நாட்களில் வைத்துக்கொள்வது நல்லது. உச்சி வெயிலும் வேண்டாம், பூச்சு பரவுவதற்குள் காய்ந்து கோடு விழும். காலை வேளை, நிழல், தூசு கிளம்பாத இடம் போதும். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220-இல் முடித்து, நாரின் திசையிலேயே தேய்த்து, தூளைத் தூரிகையால் முழுதும் தட்டிவிட வேண்டும். குழியில் தங்கிய தூள்தான் பின்னால் பருக்களாகத் தெரியும். உளித்தடம் அழகாக விழுந்த இடத்தை உப்புத்தாளால் தொடாமல் விட்டுவிடலாம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சிலையில் என்ன பூச்சு என்று தெரியாவிட்டால் அடிப்பக்கத்தில் சிறு சோதனை போதும். பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்துச் சில நிமிடத்தில் ஒட்டும்படி இளகினால் அது அரக்கு. தின்னருக்கு மட்டும் இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரிதேன், மெலமைன் வகை. தண்ணீர்ச் சொட்டு உடனே இறங்கிக் கறையாகப் பரவினால் பூச்சே இல்லை, அல்லது எப்போதோ தடவிய எண்ணெய் மட்டும் மிச்சம். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த சிலையை டர்பன்டைன் தொட்ட துணியால் மெல்ல மெல்லத் துடைத்து எடுக்கலாம். சோப்பு நீரில் ஊறவைப்பதும், தேங்காய் நாரால் தேய்ப்பதும் சிலையைக் கெடுத்துவிடும். மிகப் பழைய சிலையானால் பூச்சை எடுக்காமல் விடுவதே மேல். காலத்தால் ஏறிய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பூஜையில் இருக்கும் மரச்சிலைக்கு ஈரச் சந்தனமும் மஞ்சளும் நேரடியாக இடுவதைவிட, காய்ந்த பொடியாகவோ சிறு ஒட்டுப்பொட்டாகவோ வைக்கலாம். மஞ்சள் நீர் திறந்த நாரில் இறங்கினால் பிறகு எந்த வழியிலும் போகாது. விளக்குக்கும் சிலைக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி வேண்டும். அறைக் குளிரூட்டியின் காற்று நேரே அடிக்கும் சுவரும், மழைச்சாரல் தெறிக்கும் ஜன்னலோரமும் மரச்சிலைக்கு ஏற்ற இடங்கள் அல்ல. வாரம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் தூசு தட்டி, ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய மெழுகுத் தேய்ப்பு கொடுத்தால் அரக்குப் பூச்சு நெடுங்காலம் உழைக்கும்.

அரும்பாவூரிலோ சேலம் மாவட்டத் தம்மம்பட்டியிலோ சிலை வாங்குபவர்கள் என்ன மரம், என்ன பூச்சு, அடியிலும் பூசியிருக்கிறதா என்ற மூன்றையும் பட்டறையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பூச்சில்லாத வெள்ளைச் சிலையாகவே வாங்கி வந்து, ஒரு மாதம் வீட்டுக் காற்றில் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு அரக்குப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. போட்ட பூச்சின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் பீடத்தின் அடியில் எழுதி, அதன்மேல் கடைசிக் கை அரக்கைப் பூசிவிடலாம். பின்னாளில் அந்தச் சிலையைப் பழுது பார்க்க எடுப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.